வியாழக்கிழமைக் கையெழுத்து

அத்தியாயம் 14

வெள்ளைத்துரை வீட்டில் ஆறு நாளாக யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலும் அவர் மனைவி பொன்னுத்தங்கம் இட்லியை அவித்து, சட்னியை அரைத்து, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. வழக்கமாக இட்லி வேகும் முன்பே அவள் சத்தம் தெருமுனை வரைக்கும் போய்விடும்.

போன புதன்கிழமை நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். திரும்பச் சொல்ல எனக்கும் மனசில்லைதான்.

வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பட்டாசு ஆலை. தீப்பிடித்தால் அணைக்க மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டியே ஆக வேண்டும் என்று அதிகாரிகள் எழுதிவிட்டுப் போனார்கள். சிவகாசியில் பெயர் சொன்னால் தெரிகிற கட்டட கான்ட்ராக்டர் வெள்ளைத்துரை அந்த வேலையை எடுத்தார். டிப்ளமோ படித்த மகன் மணிகண்டராஜ்தான் அங்கே மேற்பார்வை. பட்டாசு ஆலைக்குள் இரும்பு வரக்கூடாது, பொறி பறந்துவிடும் என்று ஆலை முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் டவுனில் போடுகிற இரும்புக் குழாய்ச் சாரத்தை விட்டுவிட்டு, சவுக்குக் கம்பு நட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார்கள். கலவைச் சட்டிகூட பிளாஸ்டிக். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நெருப்புக்கு அத்தனை பயந்தார்கள். பதினெட்டு அடி உயரத்துக்கு ஒருத்தரும் பயப்படவில்லை. அந்தப் பதினெட்டு அடியிலிருந்துதான் சொர்ணலட்சுமி விழுந்து செத்தாள். தாயில்பட்டிக்காரி, முப்பத்தெட்டு வயது, சித்தாள். அவள் நின்ற சாரத்தைக் கட்டியவர் அவள் புருஷன் சங்கையா.

"பதினோரு மணிக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் சைட்டுக்கு விசாரணைக்கு வாராரு" என்றார் வெள்ளைத்துரை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "ஏலே மணி, நீ தாயில்பட்டிக்குப் போயி சங்கையாவ வண்டியில கூட்டிட்டு வந்துரு."

"அவுகள எதுக்குப்பா?"

"போலீசுல சொன்னதையே இங்கனயும் சொல்லணும்ல. முடிச்சு அவுந்துருச்சு, நாந்தான் கட்டுனேன்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கான். நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையே."

பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கிற மனுசன் தலையிலயா போட்டுட்டு வரணும்?"

"அப்ப ஒம் மகன் உள்ள போகட்டும்கியா? சொல்லு. நீ சரின்னா நான் இப்பவே போயி எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆறு நாளாக எல்லாப் பேச்சும் இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டி நிற்கிறது.

வெள்ளைத்துரை கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டடம் கட்டுகிறார், ஓர் ஆளுக்குக் கை முறிந்தது கிடையாது. புதன்கிழமை சொர்ணலட்சுமியைத் தன் காரில் தானே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர்தான். வழியிலேயே உயிர் போய்விட்டது தெரிந்ததும் ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு ஓவென்று அழுதார். ஆனால் மகன் என்று வந்ததும் அந்த அழுகை எங்கேயோ போய்விட்டது.

"சுகிர்தா" என்று மருமகளைக் கூப்பிட்டார். "ஸ்டோர் ரூமுல ஹெல்மெட் பொட்டி இருக்கும்மா. எடுத்துக் கார்ல வச்சிரு. ஆபீசர் வரும்போது ஆளுக தலையில இருக்கணும்."

பன்னிரண்டு மஞ்சள் ஹெல்மெட்டுகள். வாங்கி இரண்டு வருஷம். தலையில் வைத்தால் வேர்க்கும் என்று ஆட்கள் சொன்னார்கள், சரி என்று அப்படியே ஸ்டோர் ரூம் பரணில் போட்டாயிற்று. ஒன்றின்மீதுகூட பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

சுகிர்தா பெட்டியை இழுத்தாள். பின்னால் சுருட்டி வைத்திருந்த ஒரு சிமெண்டுச் சாக்கு கூடவே வந்து விழுந்தது. அதற்குள் ஒரு நோட்டும், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அறுந்த கயிறும் இருந்தன.

கயிற்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு முனை கறுத்து, இத்துப்போய், தொட்டால் உதிர்ந்தது. நடுவில் ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொரு முடிச்சு. இரண்டும் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தன.

நிழல் விழுந்தது. மணிகண்டராஜ் வாசலில் நின்றான்.

"முடிச்சு அவுரவேயில்லையே" என்றாள் சுகிர்தா. "கயிறுல்ல அறுந்திருக்கு."

அவன் கீழே கிடந்த சாக்கையே பார்த்தான்.

"நீங்கதான் ஒளிச்சு வச்சீகளா?"

"அன்னைக்குச் சாயங்காலம் அங்கன கெடந்துச்சு. எடுத்துட்டு வந்துட்டேன். தூக்கிப் போடவும் கை வரல." கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "திங்கக்கிழமையே சங்கையாண்ணன் கேட்டாக. ஒரு வாரமா மழையில நனைஞ்சு கயிறு இத்துப்போச்சு தம்பி, புதுசு வேணும்னு. அப்பாட்ட சொன்னேன். புதன்கிழமை காங்கிரீட் போட்டதும் பிரிக்கப் போற சாரத்துக்கு எதுக்குப் புதுக் கயிறுன்னாக. நானும் சரின்னுட்டேன். அண்ணன்தான், அப்பக் கூட ஒரு முடிச்சு போட்டுக்கிறேன்னாக."

"இது என்ன நோட்டு?"

"தினமும் சாரத்துல ஏறிப் பாத்துட்டு எழுதுற நோட்டு."

"ஏறிப் பாத்தீகளா?"

"இல்ல." தலையைக் குனிந்துகொண்டான். "திங்கக்கிழமையே சனி வரைக்கும் சேத்துப் போட்டுட்டேன். ஆலை போர்மேன் அவரு ரிஜிஸ்டர்ல அப்படித்தான் போடுவாரு. வேலை மிச்சம்னு அவருதான் சொல்லித் தந்தாரு."

சுகிர்தாவுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பா சீனிச்சாமியும் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அவரும் இப்படித்தான் வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அங்கே வெடித்து மூன்று பேர் செத்த அன்றைக்கு, ரிஜிஸ்டரில் இருந்தது அவர் கையெழுத்து மட்டும்தான். முதலாளி ஊரில் இல்லை. அப்பா மூன்று மாசம் உள்ளே இருந்தார். அப்போது அவளுக்கு எட்டு வயது.

"கயித்தக் கொண்டுபோயி சங்கையாண்ணன்ட்டக் குடுங்க" என்றாள்.

"குடுத்தா?"

"அவுக பொண்டாட்டிய அவுக கொல்லலன்னு அவுகளுக்குத் தெரியணும்ல."

"எனக்குப் பயமா இருக்கு சுகி."

"எனக்கும்தான்." கயிற்றைச் சுருட்டி அவன் தோள்பையில் வைத்தாள். நோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். கூட இருந்தா வழியில எங்கயாவது வீசிட்டு வந்துருவீக. நோட்டு இருக்குன்னு அந்த ஆபீசர்ட்டச் சொல்லுங்க, அவருகிட்டயே தாரேன்."

தாயில்பட்டியில் சங்கையா வீட்டு வாசலில் சாவுக்குப் போட்ட பந்தலைப் பிரித்துவிட்டார்கள். ஒரு கால் மட்டும் நின்றது. அதன்மேல் குறுக்காக ஒரு கம்பை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார் சங்கையா. கட்டினார். தன் எடையெல்லாம் போட்டுத் தொங்கினார். அவிழ்த்தார். திரும்பக் கட்டினார்.

"ஆறு நாளா இதே சோலிதான் தம்பி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "சோறு வச்சா அப்படியே கெடக்கு. ராத்திரி பூரா அந்தக் கம்புகிட்டயே உக்காந்திருக்காக."

சங்கையா திரும்பினார். "வாங்க தம்பி. டீ குடிக்கீகளா?"

"வேண்டாம்ணே."

"சரி, இங்கன வந்து பாருங்க. இப்படித்தான் கட்டுனேன். மேல கூட ஒரு முடிச்சு. இழுங்க. நல்லா இழுங்க. வருதா?"

மணிகண்டராஜ் இழுத்தான். "வரலண்ணே."

"பின்ன அன்னைக்கு மட்டும் எப்படித் தம்பி அவுந்துச்சு?"

தோள்பை மணிகண்டராஜின் இடுப்பில் இடித்தது. கையை விட்டு எடுத்தால் போதும். வாயைத் திறந்தான். அவன் சொன்னது இதுதான்:

"நேரமாச்சுண்ணே. கிளம்புவோம்."

பதினாலு வாரமாக இந்தப் பையனை எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த இடத்தில் எனக்கே அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருக்கிறது.

வண்டி வெயிலில் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த சங்கையா கொஞ்ச தூரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"அவ வேற ஆளு கட்டுன சாரத்துல ஏற மாட்டா தம்பி. எங்கிட்டு வேலைக்குப் போனாலும், சங்கையா கட்டுனதான்னு கேட்டுட்டுத்தான் கால வைப்பா. எல்லாப் பிள்ளைகளும் கேலி பண்ணும். பதினேழு வருசம். அன்னைக்கும் கீழ நின்னு கேட்டா, நீங்க கட்டுனதுதானேன்னு. ஆமாத்தா, ஏறுன்னேன்."

மணிகண்டராஜுக்கு ரோடு கலங்கித் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தான்.

"நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீக தம்பி. ஒங்க மேல குத்தமில்ல. ஆபீசர்ட்டயும் அப்படியே சொல்லிருதேன். என்னய உள்ள வச்சாலும் நல்லதுதான். அங்கன போனாலாவது கண்ணு அசருமான்னு பாக்கேன்."

ஆறுதல் சொல்ல வேண்டியவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறுதல் சொன்னவரோ பொண்டாட்டியைப் புதைத்து ஐந்தே நாள் ஆனவர்.

ஆலை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஓரத்தில், வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனியாகக் கிடந்தது. ஆறு நாளாக அதை யாரும் தொடவில்லை. சங்கையா தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆட்கள் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றார்கள். ஒருத்தன் தலையில் உறை இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் நடுத்தர வயதுக்காரர். உறையைப் பார்த்தார், கடந்து போனார். சரிந்து கிடந்த சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இந்தச் சாரத்துக்கு யார் பொறுப்பு?"

ஆலை மேனேஜர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் சங்கையாவைப் பார்த்தார்.

"இவருதாங்கய்யா கட்டுனது" என்றார் வெள்ளைத்துரை.

"கட்டுனது யாருன்னு கேக்கலை. பொறுப்பு யாருன்னு கேட்டேன்."

அதற்குள் சங்கையா ஓரடி முன்னால் வந்துவிட்டார். "நாந்தான்யா. எங்கையால கட்டுன முடிச்சு. அவுந்துருச்சு. வேற யாரு மேலயும் தப்பில்ல. எழுதிக்கோங்க, ரேகை வச்சிருதேன்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். மை பட்ட அந்தப் பேனா முனையைப் பார்த்ததும்தான் மணிகண்டராஜுக்கு என்னவோ ஆயிற்று. "எனக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே சுகிர்தா கயிற்றைப் பையில் வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. பைக்குள் கையை விட்டான்.

கயிற்றை ஆய்வாளரிடம் நீட்டவில்லை. சங்கையாவிடம் நீட்டினான்.

"அண்ணே. இது ஒங்க முடிச்சான்னு பாருங்க."

சங்கையா வாங்கினார். விரலால் தடவினார். கண்ணைவிட அந்த விரல்களுக்குத்தான் முடிச்சு தெரியும். முதல் முடிச்சைத் தொட்டார், மேல் முடிச்சைத் தொட்டார். நகத்தை உள்ளே விட்டு நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு கயிற்றின் வழியே போய், கறுத்து இத்துப்போன முனைக்கு வந்தார். நார் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"எம் முடிச்சுதான்" என்றார்.

"ஆமாண்ணே."

"அவுரலையே."

"அவுரலண்ணே. கயிறுதான் அறுந்திருக்கு."

"அப்ப..." சங்கையா சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்தார். "அப்ப நான் இல்லையா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கயிற்றை மார்போடு வைத்துக்கொண்டு, "ஏத்தா லெச்சுமி, நான் இல்லத்தா, நான் கட்டுனது நிக்கத்தான்த்தா செஞ்சுச்சு" என்று கத்தினார். செத்த அன்றைக்கு அழாத மனுஷன். எடுத்த அன்றைக்கும் அழாத மனுஷன். கொத்தனார்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

வெகு நேரம் கழித்துத்தான் அவர் தலையை நிமிர்த்தினார். மணிகண்டராஜைப் பார்த்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த அந்தக் குரல் இல்லை இது.

"இது ஒங்க பையிலதான் இருந்துச்சா தம்பி? நான் வீட்டுல கட்டிக் காட்டும்போதும்?"

"ஆமாண்ணே."

"புதுக் கயிறு வேணும்னு கேட்டேனே தம்பி."

ஆய்வாளர் நிமிர்ந்தார். "யார்கிட்ட கேட்டீங்க? தினமும் சாரத்தைச் சோதிக்கிற நோட்டு எங்கே?"

"அப்படி நோட்டெல்லாம் நாங்க போடுறதில்லைங்கய்யா" என்றார் வெள்ளைத்துரை, ஒரு மூச்சுகூட விடாமல்.

"இருக்கு" என்றான் மணிகண்டராஜ். "எங்கிட்டதான் கேட்டாக. நோட்டுல கையெழுத்தும் என்னோடதுதான். வீட்டுல எம் பொண்டாட்டிட்ட இருக்கு சார்."

வெள்ளைத்துரை மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெற்றிலை துப்பப் போகிற மாதிரி வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கி, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

சிவகாசி வீட்டில் மணி அடித்தது. பொன்னுத்தங்கம் எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரி" என்றும் சொல்லவில்லை, "மாட்டேன்" என்றும் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சுகிர்தா. ஒங்கிட்ட ஒரு நோட்டு இருக்காமே. அத அடுப்புல போடச் சொல்லுதாக ஒங்க மாமா. நோட்ட எடுக்க ஆபீசர் ஜீப்பு கிளம்பிருச்சாம்."

சுகிர்தா நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தன் புருஷனைத் தானே பிடித்துக் கொடுக்கிறோமோ என்று காலையிலிருந்து அவள் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இப்போது அத்தை எரித்துவிட்டால்கூட நல்லது என்று ஒரு நொடி தோன்றியது நிஜம். அடுத்த நொடி அப்படித் தோன்றியதற்கே வெட்கப்பட்டாள்.

"ஒரு தடவை படிச்சிட்டுப் போடுங்க அத்தை" என்று நீட்டினாள்.

பொன்னுத்தங்கம் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, விரலை வைத்துப் படித்தாள். "திங்கள். சாரம் சரி. செவ்வாய். சாரம் சரி. புதன். சாரம் சரி." மகன் கையெழுத்து அழகாக, ஒரே மாதிரி இருந்தது. "வியாழன். சாரம்..."

விரல் நின்றுவிட்டது.

"வியாழக்கிழமைதான சுகிர்தா அவள எடுத்தாக?"

"ஆமா அத்தை."

"நான் மாலை வாங்கிட்டுப் போயிப் போட்டனே. தலையில துணி சுத்தியிருந்துச்சே. அன்னைக்கா சாரம் சரி?"

சுகிர்தா அழுதாள். பொன்னுத்தங்கம் அழவில்லை. வெள்ளிக்கும் சனிக்கும் கீழே இருந்த மகனின் பெயரைத் தடவிப் பார்த்தாள். பெற்று, வளர்த்து, ஸ்லேட்டில் எழுதிப் பழக்கிய பெயர். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயில் சுரீரென்றது. அதைக்கூட அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

"சுகிர்தா. ஒங்கப்பா உள்ள இருந்தப்ப, ஒங்கம்மா எப்படிச் சாப்பிட்டாக?"

"சாப்பிடல அத்தை. நான்தான் ஊட்டிவிட்டேன்."

பொன்னுத்தங்கம் அடுப்பை அணைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப எனக்கும் நீதான் ஊட்டணும்" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

முதலில் வந்து நின்றது ஜீப் இல்லை. வெள்ளைத்துரையின் கார். கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார். பின்னால் ஜீப் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் மகன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"பொன்னு" என்று கையை நீட்டினார் அவர். "ஒன்னயக் கும்பிட்டுக் கேக்கேன். அதக் குடுத்துரு."